மாமாவுக்கு விட்ட இடம்

அவள் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வாள். "என் பேர மட்டும் போட்டா மத்தவங்க என்னடி நெனப்பாங்க?" என்பாள். அப்புறம் வகுப்பில் படித்த அத்தனை பேர் பெயரையும், வாட்ச்மேன் பெயரையும், கேன்டீனில் தட்டு எடுத்த அம்மாவின் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்வாள். அதற்கு எனக்குப் பொறுமை கிடையாது. ஆகவே 'அவள்' என்றே இருக்கட்டும்.

சிதம்பரத்தில் ஓவியமும் வடிவமைப்பும் சொல்லித்தரும் பட்டப்படிப்பில் நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு. நான் கடலூர் ஓல்ட் டவுனிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். அவளுக்குச் சிதம்பரமே ஊர். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அவள் அண்ணன் பேனர் கடை வைத்திருந்தார். கடை என்றால் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மேஜை, மின்விசிறி, சுவரெல்லாம் கல்யாண ஜோடிகள். டிசைன் மட்டும்தான் அங்கே. பிரின்ட் பாண்டிச்சேரியில். ராத்திரி அனுப்பினால் காலையில் பேனர் சுருட்டி பஸ்ஸில் வரும். வகுப்பு முடிந்ததும் அவள் நேராகக் கடைக்குப் போய் உட்கார்ந்துவிடுவாள்.

யாரையும் விட்டுவிடக்கூடாது. அவளைப் பற்றிச் சொல்ல இருப்பது அந்த ஒன்றுதான், மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தவை. என் பஸ் தாமதமானால் வகுப்பு தொடங்காது. அவள் எழுந்து நின்று, "சார், கடலூர் பஸ்ஸு இன்னும் வரல, ஒரு அஞ்சு நிமிஷம்" என்று கேட்டிருப்பாள். நான் சத்தமில்லாமல் பின்பக்கமாக நுழைந்து உட்கார நினைத்தால், மொத்த வகுப்பும் மாப்பிள்ளை அழைப்புக்கு நிற்பதுபோல் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நான் கேட்டனாடி ஒன்ன?" என்று சண்டை போட்டிருக்கிறேன். "நீ வராம ஆரம்பிச்சா நடுவுல வந்து என்ன புரியும்?" என்பாள். எனக்கு முழு வகுப்பும் கேட்டாலே புரியாது, அது வேறு விஷயம்.

ஒரு முட்டை பஃப்ஸ் வாங்கினால் எத்தனை பேர் நிற்கிறோமோ அத்தனை துண்டாகப் பிய்ப்பாள். முட்டை ஒருத்தருக்கும் முழுசாகக் கிடைக்காது, மேல்தோல் சட்டையெல்லாம் கொட்டும். குரூப் போட்டோ என்றால் அன்றைக்கு வேலை முடிந்தது. எல்லாரும் சிரித்து முடித்த பிறகு, "இரு இரு, ஆபீஸ் அண்ணன் வரல" என்று ஓடுவாள். அவர் வருவதற்குள் வேறு யாராவது தண்ணீர் குடிக்கப் போயிருப்பார்கள். மறுபடி ஓடுவாள். எங்கள் கடைசி வருடப் போட்டோவில் எல்லாரும் இருக்கிறோம், ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

எங்களுக்கு புராஜெக்ட் கைடாக இருந்த சார் இதற்கு நேர் எதிர். எதைக் காட்டினாலும் "கொற" என்பார். கோடு ஜாஸ்தி, கலர் ஜாஸ்தி, எழுத்து ஜாஸ்தி. "வெள்ள எடம் விடுங்கம்மா, அதுதான் மூச்சு வுடுற எடம்" என்பார். அவர் சட்டைகூட எப்போதும் வெள்ளை. எனக்கு அவர் சொன்னது வேதவாக்கு. அவள் கட்சி வேறு. ஒரு போஸ்டரில் பறவை போடச் சொன்னால் கூட்டமாகப் போடுவாள், ஒன்று மட்டும் பறந்தால் பாவமாம். சார் அவளுக்கு 'சர்வகட்சிக் கூட்டம்' என்று பெயர் வைத்தார். அதற்கும் அவள் சந்தோஷமாகச் சிரித்தாள்.

கடைசி வருடம் ஆளுக்கொரு ஆய்வு செய்யவேண்டும். ஒரு கேள்வியை எடுத்து, ஊருக்குள் போய் விசாரித்து, அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு டிசைன் செய்து, அதை நிஜமான இடத்தில் வைத்துக் காட்ட வேண்டும். வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் முன்னால் வைவா என்ற வாய்மொழித் தேர்வு. என் தலைப்பு ஏதோ பஸ் ஸ்டாண்டு அறிவிப்புப் பலகை. அவள் எடுத்தது விசேஷ பேனர். பேனரில் யார் முகம் எவ்வளவு பெரிசு, யார் எங்கே நிற்பது, இதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

அவளுக்கு அந்த ஆய்வு முக்கியம். அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டிருந்தார், "இந்த வருஷத்தோட படிப்பு முடியுது. முடியலன்னாலும் முடியுது" என்று. அதற்குமேல் கடை, அப்புறம் கல்யாணம். அவளுக்கோ பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராகப் போகவேண்டும் என்று ஒரே பிடிவாதம். பட்டம் கைக்கு வராமல் அது நடக்காது. கைடு கையெழுத்துப் போடாமல் பட்டம் வராது.

என் சித்தப்பா பையனின் டிஜிட்டல் கேமராவை வாங்கிக்கொண்டு அவளோடு நான்தான் சுற்றினேன். சிதம்பரம் தேரோடும் வீதிகள், கடலூர் துறைமுகம், நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை வாசல். நான் போட்டோ எடுப்பேன், அவள் ஏணி வாங்கிப்போட்டு ஏறி டேப் வைத்து முகங்களை அளப்பாள். கரும்பு வண்டிக்காரர்கள் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்ப்பார்கள். நிறைய விஷயம் தெரிந்தது. காதுகுத்தோ மஞ்சள் நீரோ, தாய்மாமன் முகம் குழந்தை முகத்துக்கு அடுத்த அளவு. அதில் குறைந்தால் வம்பு. வெளிநாட்டில் இருப்பவர் மூலையில் இருந்தாலும் கோட்டு போட்டிருக்க வேண்டும். அந்தக் கோட்டை கம்ப்யூட்டரில் மாட்டிவிடுவார்கள். அண்ணன் கடையில் ஒரே ஒரு கோட்டுதான் இருந்தது. சிதம்பரம் வட்டாரத்தில் பாதிப் பேர் அதையே போட்டுக்கொண்டு பேனரில் நின்றார்கள்.

பேனருக்கு ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் ஒரு கவர் நிறைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கொண்டுவந்து மேஜையில் கொட்டுவார்கள். மற்ற கடைகளில் "இவ்ளோ மூஞ்சி வேணாங்க, கொறைங்க" என்பார்கள். இவள், "யாராவது விட்டுப்போச்சா பாருங்க" என்பாள். ஒருமுறை கண்ணீர் அஞ்சலி பேனருக்கு வந்த பெரியவரிடம் அப்படிக் கேட்டாள். அவர், பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தன் தம்பி பெயரைச் சேர்க்கச் சொன்னார். அந்தத் தம்பி சாவுக்கு வந்தாரா என்று எனக்குத் தெரியாது. அவள் மட்டும் அன்றைக்கெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.

விசாரித்ததெல்லாம் முடிந்து, டிசைன் செய்யும் நேரம் வந்தது. அவள் வரைந்ததைப் பார்த்துவிட்டு சார் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"இதுக்கும் கடையில போடுறதுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

"மூஞ்சியெல்லாம் ஒரே சைஸ் சார். யாரும் கோச்சிக்க மாட்டாங்க."

"எல்லாரும் கோச்சிப்பாங்க. கொற. கொழந்த மூஞ்சி, பேரு, தேதி, எடம். அவ்ளோதான். மீதி வெள்ள. அத ஒரு விசேஷத்துல வெச்சி போட்டோ எடுத்துட்டு வா. இல்லன்னா என்னால கையெழுத்து போட முடியாது."

அவர் கெட்டவர் இல்லை. கண்ணுக்கு நல்லது எது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது, எனக்கும் அதே நம்பிக்கைதான். அவள் அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடிவிட்டாள். "ஒரே ஒரு தடவதானே?" என்று என்னைக் கேட்டாள். ஒரே ஒரு தடவைதான் என்று நானும் சொன்னேன்.

பிச்சாவரம் போகும் வழியில் ஒரு மீனவக் கிராமம். அங்கே கடைக்கு வாடிக்கையாக வரும் ஒருவர் தன் மகளுக்குக் காது குத்த இருந்தார். புது மாதிரி பேனர், இலவசம் என்றதும் ஒத்துக்கொண்டார். எட்டடி நீளம், ஆறடி உயரம். இடதுபக்கம் கீழே குழந்தையின் முகம் சிரிக்கிறது, பக்கத்தில் இரண்டு வரி எழுத்து. மீதியெல்லாம் வெள்ளை. விடிந்ததும் பந்தல் வாசலில் கட்டினோம். உப்புக்காற்றில் அது லேசாக அசைந்தது. அப்படி ஒரு அழகு. நான் நிதானமாக ஒரு போட்டோ எடுத்தேன். சார் கையெழுத்து போட அந்த ஒரு போட்டோ போதும். கிளம்பலாம் என்றேன். காது குத்துவதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றாள்.

பத்து மணிவாக்கில் தாய்மாமன் வந்தார். மேளம், வெடி, பின்னால் வரிசையாகச் சீர்த்தட்டு தூக்கிய பெண்கள். வெள்ளைச் சட்டை, முறுக்கிய மீசை. பந்தல் வாசலில் பேனரைப் பார்த்ததும் நின்றார். மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அப்புறம் பின்பக்கமாகப் போய் அங்கேயும் பார்த்துவிட்டு வந்தார்.

"நான் எங்க?"

"புது டிசைனாம் மச்சான்" என்றார் குழந்தையின் அப்பா.

"டிசைன்ல மாமன் கெடையாதா?"

மேளக்காரர் மட்டும் நிலைமை தெரியாமல் இன்னும் இரண்டு தட்டு தட்டிவிட்டு நிறுத்தினார். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். போய் ரோட்டோர டீக்கடை பெஞ்சில், பந்தலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

மாமன் மடியில் உட்காராமல் குழந்தைக்குக் காது குத்த முடியாது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை கத்திக்கொண்டிருந்தது. ஆசாரி ஊசியைத் துடைத்து மறுபடி வைத்தார். குழந்தையின் அம்மா, "எங்கண்ணன் போயிட்டான், எங்கண்ணன் போயிட்டான்" என்று மூக்கைச் சிந்தினாள். யாரோ ஒரு பெரியவர், "நல்ல நேரம் முடியப்போவுது" என்று கடிகாரத்தைக் காட்டினார். குழந்தையின் அப்பா எங்களைப் பார்த்த பார்வையில், எனக்குக் கடலூர் பஸ் எத்தனை மணிக்கு என்ற நினைப்புதான் வந்தது. அவள் முகம் செத்துப்போயிருந்தது. சட்டென்று டீக்கடையைப் பார்த்து நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"மாமா."

"யாரும்மா நீ?"

"பேனரு போட்டது நாந்தான் மாமா."

"நல்லா போட்ட. பட்டுப் பாவாடையிலேந்து தோடு வரைக்கும் தூக்கிகினு வரேன். எம் மூஞ்சி மட்டும் கசக்குதா?"

"யார் மூஞ்சியும் போடல மாமா."

"யாரும் நானும் ஒண்ணா?"

அவள் திரும்பிப் பந்தலைப் பார்த்தாள்.

"அங்க பாருங்க. எவ்ளோ எடம் சும்மா கெடக்கு? வேல தெரியாம யாராவது அவ்ளோ எடம் விடுவாங்களா? ஒங்கள நேர்ல பாத்து கையால வரையணும்னு விட்டுவெச்சேன் மாமா. போட்டோன்னா எல்லார் கடையிலயும் போடுவாங்க."

நான் அவளைப் பார்த்தேன். பச்சைப் பொய். அதைச் சொல்லும்போது அவள் காதெல்லாம் சிவந்துவிட்டது. மாமா மெதுவாகத் திரும்பி உட்கார்ந்து வெள்ளை இடத்தைப் பார்த்தார்.

"அவ்ளோவும் எனக்கா?"

"அவ்ளோவும் ஒங்களுக்குன்னா மத்தவங்க கோச்சிப்பாங்க. மொத எடம் ஒங்களுக்கு."

"கோட்டு போடுவியா?"

"இந்தச் சட்டையே நல்லாருக்கு மாமா."

அவர் எழுந்து மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. படகுக்குப் பெயர் எழுதிய மிச்சக் கறுப்புப் பெயிண்டும் பிரஷ்ஷும் யார் வீட்டிலிருந்தோ வந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் மாமா விறைப்பாக உட்கார, அவள் மளமளவென்று வரைந்தாள். அவள் கை அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. நெற்றி, மூக்கு, அடர்ந்த புருவம். "மீச இன்னும் கொஞ்சம்" என்றார் மாமா. போட்டாள். "இன்னுங் கொஞ்சம்" என்றார். மீசை குழந்தையின் பெயர் வரைக்கும் வந்தது. கூட்டம் கைதட்டியது. மாமா போய்ப் பலகையில் உட்கார்ந்து மருமகளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். ஆசாரி காது குத்தினார். நல்ல நேரம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

அதோடு முடிந்ததா? பெரியப்பா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம் அத்தை, அந்த அத்தை முகத்தைப் பார்க்கிற மாதிரி தன்னை வரையக்கூடாது என்ற இன்னொரு அத்தை. சாப்பாட்டுப் பந்திக்கு நின்ற வரிசையைவிட இந்த வரிசை நீளம். கேட்டவர்கள் போதாதென்று இவளே, குழந்தைக்கு மொட்டையடித்தவரையும், மைக் செட் போட்டவரையும், அடுப்படியில் வியர்த்துக்கொண்டிருந்த சமையல்காரரையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். "சமையல்காரருக்கெல்லாமா?" என்று ஒரு சித்தப்பா முணுமுணுத்தார். "சாப்ட்டீங்கல்ல?" என்றாள். அவர் ஏப்பம் விட்டுக்கொண்டே நகர்ந்தார். காயாத பெயிண்டில் யாரும் கைவைக்காமல் பார்ப்பது என் வேலை ஆனது. சாயங்காலம் பார்த்தால் பேனரில் வெள்ளையைத் தேடவேண்டியிருந்தது. ஒரு மூலையில் கேமராவோடு நான். இன்னொரு மூலையில் கண்ணாடி போட்ட ஒரு முகம், ஊரில் யாருக்கும் தெரியவில்லை. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கைடு சார். நினைவிலிருந்தே வரைந்திருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் நான் கேமராவைத் திறந்து காலை எடுத்த போட்டோவைக் காட்டினேன். "இத குடு. நடந்தத யாருக்கும் சொல்லாத. கையெழுத்து வந்துரும்." அவள் கேமராவை வாங்கி அந்த வெள்ளையை வெகுநேரம் பார்த்தாள். விரல்களில் கறுப்புப் பெயிண்ட் காய்ந்திருந்தது.

"நல்லாத்தான்டி இருக்கு" என்றாள். "ஆனா அதுல யாருமே இல்லியே."

"ஃபெயிலாயிட்டா?"

"அதுக்குத்தான் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

வைவா அன்று அந்த வீட்டாரிடம் திருப்பித் தருவதாகச் சொல்லி பேனரை வாங்கிவந்து சுவர் முழுக்க மாட்டினாள், மாட்ட உதவப்போன நானும் ஓரமாக நின்றுவிட்டேன். பக்கத்தில் காலைப் போட்டோவையும் ஒட்டியிருந்தாள். நடந்ததை மறைக்காமல் அறிக்கையிலும் எழுதியிருந்தாள், டீக்கடைப் பொய் உட்பட. சார் உள்ளே வந்து பேனரைப் பார்த்தார். அவர் வாய் 'கொற' என்று சொல்லத் தொடங்கியது எனக்குத் தெரிந்தது. எக்ஸாமினர் அதற்குள் பேனர் பக்கத்தில் போய்விட்டார். "இந்த மீசைக்காரர் யாரு?" என்றார். அவள் சொன்னாள். "இந்தம்மா ஏன் அந்தப் பக்கம் திரும்பியிருக்காங்க?" அத்தைகளின் கதையைச் சொன்னாள். ஒவ்வொரு முகமாக நகர்ந்தார்கள். வெளியே எங்கள் வகுப்பே காத்துக்கொண்டிருந்தது, ஆனாலும் ஒரு முகத்தையும் அவள் தாண்டவில்லை.

"சரிம்மா, இதுல ஒன் டிசைன் எது?"

"எடம் விட்டதுதான் சார். யாருக்காக விட்டேன்னு விடும்போது எனக்கே தெரியல. அவுங்க வந்து ஒக்காந்ததும்தான் தெரிஞ்சுது."

எக்ஸாமினர் கடைசி மூலைக்கு வந்து நின்று, கண்ணாடி முகத்தையும் எங்கள் சாரையும் மாறி மாறிப் பார்த்தார். சார் பக்கத்தில் வந்தார். தன் முகத்தைக் கண்டுபிடித்தார். மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"மூக்கு கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

அவள் தேறிவிட்டாள். மதிப்பெண் சுமார்தான். என் அறிவிப்புப் பலகைக்கு அவளைவிட நல்ல மதிப்பெண். அந்தப் பலகை எப்படி இருந்தது என்று இப்போது என்னைக் கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது.

ஆசைப்பட்டபடியே டிராயிங் டீச்சராகி, திட்டக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். ஆண்டு விழா நாடகத்தில் வகுப்பே மேடை ஏறுமாம். வேஷம் போதாத பிள்ளைகள் எல்லாம் மரம். கதாநாயகன் மரங்களுக்கு நடுவில் வழி கேட்டுத்தான் வசனம் பேச வேண்டியிருந்தது என்று போனில் சிரித்தாள்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில், புயல் அடித்து ஓய்ந்த சில மாதங்களுக்குப் பிறகு, வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்களைப் பிச்சாவரம் படகுக்கு அழைத்துப் போனேன். திரும்பும்போது அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். கூரையைப் புதிதாக வேய்ந்திருந்தார்கள். உள்ளே கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் மறைப்பாகக் கட்டியிருந்தது அந்த பேனர். கொஞ்சம் மங்கியிருந்தது. மாமா மீசையோடு இருந்தார். சமையல்காரர் சரியாக அடுப்படிப் பக்கம் இருந்தார்.

"காத்து கூரைய தூக்கிகினு போவுறதுக்கு முன்னாடி இதத்தான் சுருட்டி இடுப்புல கட்டிக்கினேன்" என்றாள் குழந்தையின் அம்மா. "எங்கண்ணன் வந்து கேட்டா என்ன சொல்றது?"

காது குத்திய குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. மாமா முகத்துக்குப் பக்கத்தில், அந்தச் சிறுமிக்குக் கை எட்டும் உயரத்தில், ஸ்கெட்ச் பேனாவால் வரைந்த ஓர் உருவம். வட்டத் தலை, குச்சிக் கை, தரைவரை பின்னல். கையில் ஆளைவிடப் பெரிய பிரஷ்.

"இது யாரு?" என்று சிறுமியைக் கேட்டேன்.

"வரஞ்ச அக்கா. எல்லாரையும் போட்டுட்டு அவுங்கள மட்டும் விட்டுட்டாங்க. அம்மா சொன்னுது. அதான் நான் போட்டேன்."

நான் மறுபடி பேனரைப் பார்த்தேன். ஒரு மூலை விடாமல் தேடினேன். ஆமாம், அவள் இல்லை. இத்தனை வருடம் அது என் கண்ணில் படவே இல்லை.

வாசலுக்கு வந்து அவளுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் பிள்ளைகள் இரைச்சலுக்கு நடுவே மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

"எவ்ளோ பெருசாடி போட்டுருக்கா?" என்றாள். "மாமாவ விட பெருசா இல்லியே?"

"இல்லடி, சின்னதாத்தான்" என்றேன்.

உள்ளே திரும்பிப் பார்த்தேன். பிரஷ்ஷின் நுனி மாமாவின் மீசையைத் தாண்டி, குழந்தையின் பெயரையும் தாண்டிப் போயிருந்தது.